புள்ளி இல்லாதது

"இது புள்ளி நாற்பத்தாறு, இது புள்ளி அறுபது, இது புள்ளி எழுபத்திமூணு" என்று சொல்லிக்கொண்டே கமலவேணி கண்ணாடி மேசையின்மேல் ஒவ்வொரு பிளக்ட்ரமாக எடுத்து வைத்தாள். கிட்டார் தந்தியைத் தட்டுகிற அந்தச் சின்னப் பிளாஸ்டிக் துண்டுக்கு மில்லிமீட்டரில் கனம் உண்டு என்பதும், ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே இருப்பதையெல்லாம் புள்ளி போட்டுத்தான் சொல்ல வேண்டும் என்பதும் இன்னாசிமுத்துவுக்குப் பதினெட்டு வருஷமாகத் தெரிந்த சங்கதிதான். ஆனாலும் இன்றைக்கு அவள் புள்ளி என்று சொல்லும்போதெல்லாம் அவன் கடை வாசலைத் திரும்பிப் பார்த்தான். மூன்று வாரத்துக்கு முன்னால் டாக்டரும் அதே சொல்லைத்தான் சொன்னார். நிழல் என்று சொல்லியிருக்கலாம், தழும்பு என்று சொல்லியிருக்கலாம், இங்கிலீஷில் வாயில் நுழையாத பெயராக எதையாவது சொல்லியிருந்தால் இன்னும் நல்லது, புரியாமலே தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். அவரோ விளக்குப் பெட்டியில் எக்ஸ்ரே படத்தைச் செருகி, பேனா முனையால் தொட்டு, "வலது பக்கம், மேலே, ஒரு புள்ளி தெரியுது பாத்தீங்களா?" என்றார். இன்னாசி பார்த்தான். மனைவி ஜெசிந்தாவின் விலா எலும்புகளைப் பார்த்தான், தோள்பட்டையைப் பார்த்தான், ஏழு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் பார்த்திராத அவளுடைய உள்பக்கத்தைப் பார்த்தான். புள்ளி மட்டும் கண்ணில் படவே இல்லை. "பாத்தேன் டாக்டர்" என்று பொய் சொன்னான். அன்றைக்குச் சொன்ன முதல் பொய் அதுதான். யாருக்கும் எதற்கும் உதவாத பொய்.

"லீடா, ரிதமா?" என்று கமலவேணி கேட்டாள். கடைக்காரர் ஆர்மோனியம் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுக்கத் துறையூர் போயிருந்தார். அவர் இல்லாத நாளில் அவர் மனைவிதான் கடையைப் பார்த்துக்கொள்வாள். அவளுக்கு ஒரு வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. ஆனால் யார் எதை வாங்குவான் என்பது மட்டும் அத்துப்படி. "சர்ச்சுக்கு வாசிக்கிறவங்க இந்த மஞ்சளை எடுப்பாங்க. தலைமுடிய நீட்டா வளத்துக்கிட்டு வர்ற காலேஜ் பசங்க தடியாத்தான் கேப்பாங்க, சத்தம் வேணும்ல. கல்யாணக் கச்சேரிக்காரங்கதான் தொட்டுத் தொட்டுப் பாத்து உசிர எடுப்பாங்க" என்றாள். "ரிதம்" என்றான் இன்னாசி. "அப்ப கச்சேரிக்காரர்தான்" என்று அவள் பெருமூச்சு விட்டாள். அவன் புள்ளி அறுபதை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து வளைத்துப் பார்த்தான். கண் அதில் இல்லை. கடைக் கண்ணாடி வழியாகச் சாலைக்கு எதிர்ப்பக்கம் நெஞ்சு டாக்டரின் ஆஸ்பத்திரி வாசல் தெரிந்தது. உள்ளே மூன்றாவது பெஞ்சில் ஜெசிந்தா முப்பத்தொன்றாம் நம்பர் டோக்கனோடு உட்கார்ந்திருக்கிறாள். அவன் கிளம்பும்போது இருபத்திரண்டு நடந்துகொண்டிருந்தது. அதுவரை அவன் உட்கார்ந்தான், எழுந்தான், தண்ணீர் குடித்தான், போன மாதக் காலண்டர் தாளைப் படித்தான், பக்கத்துக் கிழவரின் இருமலை எண்ணினான். அவள்தான் பொறுக்க முடியாமல் துரத்திவிட்டாள். "இங்க நின்னு என்ன பண்ணப் போறீங்க? எதிர்ல கடை இருக்கு, போய் பிளக்ட்ரம் வாங்கிட்டு வாங்க. சாயங்காலம் புரோகிராம் இருக்குல்ல?" நான் போகவில்லை என்று அவன் சொல்ல, போவீங்க என்று அவள் சொன்னாள், தான் பாடம் நடத்தும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்வதுபோல. அவன் வாசிக்கும் கல்யாணக் கச்சேரிக் குழுவின் மாஸ்டர் மூன்று தடவை ஆள் அனுப்பியிருந்தார். மூன்று தடவையும் பிளக்ட்ரம் இல்லை என்று சொல்லி அனுப்பியிருந்தான். பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருக்கிறவனுக்கு ஒரு துண்டுப் பிளாஸ்டிக் கிடைக்கவில்லை என்றால் யார் நம்புவார்கள். ஜெசிந்தாவே நம்பியிருக்க மாட்டாள். நம்பாமல்தான் அனுப்பியிருக்கிறாள்.

கமலவேணி சுவரில் மாட்டியிருந்த கிட்டார் ஒன்றை இறக்கிக் கொடுத்தாள். அவன் ஸ்டூலில் உட்கார்ந்து தந்திகளை விரல்களால் அழுத்தி ஒரு கார்டைப் பிடித்துப் புள்ளி அறுபதால் மேலிருந்து கீழே ஒரு தட்டுத் தட்டினான். கொஞ்சம் தடிப்பாகக் கேட்டது. அவனுக்கு மெல்லிசாக வேண்டும். தந்தியின் மேல் பட்டதா படவில்லையா என்று சந்தேகப்படும்படி சலக் சலக்கென்று போக வேண்டும், தபலாவுக்கும் பாடுகிறவருக்கும் நடுவில் யாரும் கவனிக்காத இடத்தில். அதை ஒரு ஸ்டைல் என்று மாஸ்டர் சொல்வார். இன்னாசியின் கை உறுத்தாது என்பார். உண்மை என்ன என்றால் அவனுக்குப் பயம். கனமான பிளக்ட்ரத்தால் தப்பான கார்டு வாசித்தால் மண்டபத்தின் கடைசி வரிசை வரை கேட்கும், சாப்பாட்டுப் பந்தியில் இருப்பவன்கூடத் தலைதூக்கிப் பார்ப்பான். மெல்லிசால் வாசித்தால் தப்பும் மெல்லிசாகப் போய்விடும். பதினெட்டு வருஷம் எத்தனை தப்புகளை அப்படிக் கடத்திவிட்டிருக்கிறான். இதைக் கண்டுபிடித்தவள் ஒருத்திதான், ஜெசிந்தாவின் தங்கை பிலோமினா. கல்யாணமான புதிதில் அவன் வாசிப்பைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "அத்தான், நீங்க வாசிக்கிறீங்களா, சொறிஞ்சு குடுக்கிறீங்களா?" என்று கேட்டாள். வீடே சிரித்தது. அவனும் சிரித்தான். அடுத்த இரண்டாவது வருஷம் மஞ்சள் காமாலையில் பிலோ போய்விட்டாள், இருபத்துநாலு வயதில், பன்னிரண்டே நாளில். இப்போது ஏன் அவள் ஞாபகம் வருகிறது. சாவு ஞாபகமே வரக்கூடாது என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறான், வேண்டாம் என்று நினைத்த பக்கமே மனசு போய் நிற்கிறது. புள்ளி நாற்பத்தாறை எடுத்தான். இது கிட்டத்தட்டச் சரி. ஆனால் அந்தப் பழையதின் சத்தம் இதில் இல்லை. பழையது புள்ளி இரண்டுகூட இருக்காது. எக்ஸ்ரே ஃபிலிமின் கனம் அவ்வளவுதான்.

அது நாலு வருஷத்துக்கு முன்னால். ஒரு சாயங்காலம், குழுவின் வேன் தெருமுனையில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறது, பிளக்ட்ரத்தைக் காணோம். சட்டைப் பை, கிட்டார் உறை, கட்டிலுக்கடியில், எங்கும் இல்லை. ஜெசிந்தா பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லை. தயிர் டப்பா மூடியை வெட்டிப் பார்த்தான், வளைந்து போயிற்று. அப்போதுதான் பீரோவைத் திறந்தான். கல்யாணப் பட்டுப்புடவைக்கு அடியில் மல் துணி சுற்றிய ஒரு பெரிய காக்கிக் கவர். அவள் அரசாங்கப் பள்ளியில் டீச்சர் வேலைக்குச் சேருமுன் உடல்தகுதிச் சான்றுக்காக எடுத்த நெஞ்சு எக்ஸ்ரே. எக்ஸ்ரேயைப் போய் எவளாவது பட்டுப்புடவையோடு வைப்பாளா என்று சிரிப்புக்கூட வந்தது அவனுக்கு. ஓரமாகக் கொஞ்சம் வெட்டிக்கொண்டால் என்ன போயிற்று, வேலைதான் கிடைத்தாகிவிட்டதே. ஓரமாக வெட்டியிருந்தால் இன்றைக்கு இந்தக் கதையே இல்லை. ஓரமெல்லாம் தோளும் கையுமாக வெள்ளையும் சாம்பலுமாக இருந்தது. அவனுக்குக் கறுப்பு பிளக்ட்ரம் பிடிக்கும், மேடை விளக்கில் பளபளவென்று இருக்கும். படத்தில் நல்ல கறுப்பு எங்கே என்று ஜன்னலுக்கு நேரே பிடித்துத் தேடினான். எலும்புகளுக்கு நடுவில், மேல்பக்கம், கன்னங்கரேலென்று இரண்டு இடம். ஒரு பக்கத்தை எடுத்து வெட்டினான். அது நுரையீரல் என்று அவனுக்குத் தெரியுமா, தெரியும். காற்று நிறைந்த இடம்தான் கறுப்பாக விழும் என்பது தெரியாது, அவ்வளவுதான். கத்தரிக்கோல் சுலபமாகப் போயிற்று. ஒன்றுக்கு நாலாக இருக்கட்டும் என்று நாலு வெட்டினான். மிச்சப் படத்தை மடிப்புக் கலையாமல் மல் துணியில் சுற்றி, கவரில் போட்டு, புடவைக்கடியில் வைத்துவிட்டு ஓடினான். அன்றைக்கு வாசிப்பு அமர்க்களமாக இருந்தது. மாஸ்டரே, என்ன இன்னாசி இன்னைக்குப் பட்டு மாதிரி போவுது என்று கேட்டார்.

எந்தப் பக்கத்தை வெட்டினான் என்பதுதான் தெரியவில்லை. மூன்று வாரமாக அவன் மண்டைக்குள் ஓடுவது இது ஒன்றுதான், சைக்கிள் செயின் ஒரே பல்லில் போய்ப் போய்ச் சிக்குவதுபோல. வலது பக்கமா, இடது பக்கமா. கத்தரிக்கோல் வலது கையில் இருந்தது, படம் இடது கையில் தொங்கியது, அப்படியானால் வெட்டியது படத்தின் வலது ஓரத்துக்கு அருகில். ஆனால் படத்தின் வலது என்பது அவளுடைய வலதா? எதிரில் நிற்கிற ஆளுடைய வலது நமக்கு இடதல்லவா. படத்தைத் திருப்பிப் பிடித்திருந்தால் அதுவும் மாறிவிடும். மூலையில் ஏதோ ஓர் எழுத்து இருந்தது, டாக்டர்கள் பக்கம் தெரிவதற்காகப் போடுவதாம், அதை அவன் பார்க்கவில்லை, வேன்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். இடது பக்கத்தை வெட்டியிருந்தால் வலது பக்கம் அப்படியே இருந்திருக்கும், படத்தைக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டியிருக்கலாம், ஓட்டைக்கு ஏதாவது காரணம் சொல்லியிருக்கலாம். அதையும்தான் அவன் பார்க்கவில்லையே. பார்க்காமல் ஒர்க்ஷாப் உலையில் போட்டுவிட்டானே. டாக்டர் கேட்டது ரொம்ப எளிமையான கேள்வி. "பழைய எக்ஸ்ரே ஏதாவது இருக்கா? அதுலயும் இதே புள்ளி இதே அளவுல இருந்தா ஒண்ணும் பயமில்லை, பழைய தழும்பு, தொட வேண்டாம். அதுல இல்லாம இப்ப புதுசா வந்திருந்தா திறந்து எடுத்துடறதுதான் நல்லது. ஊசி போட்டுப் பாக்க முடியாத இடத்துல இருக்கு." இன்னாசி முந்திக்கொண்டான். "இருக்கு டாக்டர், வேலைக்குச் சேரும்போது எடுத்தது வீட்ல பத்திரமா இருக்கு." மேசைக்கடியில் ஜெசிந்தா அவன் காலை மிதித்தாள். பயத்தில் மிதிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். பஸ்ஸில் பொன்மலை ஸ்டாப் வருவதற்குள்தான் அவனுக்குக் கத்தரிக்கோல் ஞாபகம் வந்தது. 

மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போனதும் கவரோடு எடுத்துக்கொண்டு போய் ஒர்க்ஷாப் உலையில் போட்டான். பச்சையும் நீலமுமாக ஒரு நொடி எரிந்து ஒரு நாற்றம் வந்தது. பக்கத்தில் மேற்பார்வைக்கு நின்ற சார்ஜ்மேன் என்னடா அது என்றார், பழைய சாமான் சார் என்றான். சாயங்காலம் அவளிடம், போன மழையில் பீரோவுக்குப் பின்னால் ஓதம் இறங்கிப் படம் ஒட்டிப் பாழாகிவிட்டது, எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டேன் என்றான். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவளோ சமையலறையில் போய் நின்றுகொண்டு அழுதாள். அரிசி களைந்துகொண்டே அழுதாள், அடுப்பை மூட்டிக்கொண்டே அழுதாள், குழம்பில் உப்பைப் போட மறந்துவிட்டு அழுதாள். ஒரு படம் போனதற்கு இப்படியா என்று பார்த்துக்கொண்டு நின்றான். உயிர் பயம் என்று நினைத்தான். தன்னால்தான் என்று நினைத்தான். இருந்திருந்தால் அவளுடைய நெஞ்சைத் திறக்கவே வேண்டியிருக்காதோ என்னவோ. நான் வெட்டிவிட்டேன், இப்போது அவர்கள் வெட்டப்போகிறார்கள். ஆபரேஷனுக்கு இன்றைக்குத் தேதி சொல்ல வேண்டும். அவன் சொல்ல வேண்டிய இன்னொன்றும் இருந்தது, மூன்று வாரமாக. காலையில் பல் தேய்க்கும்போது சொல்லிவிடலாம் என்று நினைப்பான். பஸ்ஸுக்கு நிற்கும்போது. அவள் நோட்டுத் திருத்தும்போது. சொன்னால் என்ன ஆகும். ஏன்டா பாவி என்று கேட்டுவிட்டால் பரவாயில்லை. ஒன்றும் கேட்காமல் மறுபடி அரிசி களையப் போய்விட்டால்? வெட்டிய நாலு பிளக்ட்ரத்தில் மூன்று எங்கெங்கோ போயிற்று. ஒன்று மணப்பாறை மண்டபத்தில் மேடைப் பலகை இடுக்கில் விழுந்தது, எட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். ஒன்றை லால்குடிக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சிநேகிதன் ஞாபகார்த்தமாக வாங்கிக்கொண்டான். ஒன்று எங்கே என்றே தெரியாது. அவளைக் காப்பாற்றக்கூடிய அந்தப் புள்ளி இப்போது மணப்பாறையில் இருக்கிறதா, லால்குடியில் எவனோ ஒருத்தன் மேசை இழுப்பறையில் இருக்கிறதா. இல்லை, இங்கேயே அவன் பர்ஸில், மாதா படத்துக்குப் பின்னால் இருக்கிற நாலாவதில் இருக்கிறதா.

"நீங்க இவ்வளவு நாளா எதுல வாசிச்சீங்கன்னு காட்டுங்களேன், அதே கனத்துல எடுத்துத் தர்றேன்" என்றாள் கமலவேணி. அவன் யோசிக்காமல் பர்ஸைத் திறந்தான். அதுதான் அவன் செய்த முட்டாள்தனம், அல்லது மூன்று வாரமாக யாரிடமாவது காட்டிவிட வேண்டும் என்று கை தவித்துக்கொண்டிருந்ததோ என்னவோ. அவள் வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். முனை தேய்ந்து, கறுப்பு உரிந்து, கண்ணாடி மாதிரி வெளுத்திருந்தது. ஒர்க்ஷாப் கக்கூஸ் ஜன்னல் வெளிச்சத்தில் எத்தனை தடவை அவன் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்திருப்பான். முனைக்கு மேலே சாம்பலாக ஒரு கோடு, அது விலா எலும்பின் ஓரமாக இருக்கலாம். அதற்குக் கீழே எல்லாம் தந்தி கீறிய கோடுகள், நூற்றுக்கணக்கில், நாலு வருஷத்துக் கச்சேரிகள், எத்தனையோ பேருடைய கல்யாணங்கள். புள்ளி இருந்திருந்தால் அந்த முனையில்தான் இருந்திருக்க வேண்டும் என்று அவனுக்கு ஒரு நிச்சயம் வந்துவிட்டது, எந்த ஆதாரமும் இல்லாமல். அதைத்தான் அவன் தந்தியில் தேய்த்துத் தேய்த்து அழித்தான், ஆனந்தமாக, காலால் தாளம் போட்டுக்கொண்டு. கமலவேணி அதை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கினாள். "அட, எக்ஸ்ரே ஃபிலிமு. இந்த வேலைய நிறைய பேர் பண்றாங்க. ஏதோ எலும்புகூடத் தெரியுது பாருங்க. யாரோடது?" இன்னாசி அவள் கையிலிருந்து பிடுங்கினான். பிடுங்கிய வேகத்தில் மேசைமேல் இருந்த புள்ளி நாற்பத்தாறும் அறுபதும் கீழே சிதறின. "ஏங்க, நான் என்ன தின்னுடவா போறேன்?" என்றாள் அவள். அவன் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினான்.  தரையில் குந்தியிருந்தபடியே, "புள்ளி இல்லாததா ஒண்ணு இருந்தாக் குடுங்க" என்றான்.

"புள்ளி இல்லாததுன்னா ஒரு மில்லிதான். ஒண்ணுன்னு மட்டும் போட்டிருக்கும்" என்று ஒரு கறுப்புத் துண்டை எடுத்து வைத்தாள். "ஆனா ரிதம்காரங்க இத எடுக்க மாட்டாங்க. தந்தி அறுந்துடும்பாங்க." கல்லுப்போல இருந்தது அது, வளைத்தால் வளையவில்லை. ஒரு தட்டுத் தட்டினான். கடை முழுக்க அதிர்ந்தது, சுவரில் தொங்கிய மற்ற கிட்டார்களெல்லாம் சன்னமாகக் கூடவே முனகின. சாலையில் போன ஒருத்தர் நின்று திரும்பிப் பார்த்தார். இன்னாசிக்குக் கூச்சமாக இருந்தது. இதுவா நான் பிடித்த கார்டு என்று இருந்தது. அவனுடைய கைக்கும் வாசிப்புக்கும் இதைவிடப் பொருத்தமில்லாத ஒன்று அந்தக் கடையிலேயே கிடையாது. நல்ல புத்தி உள்ளவன் நாற்பத்தாறை வாங்கிக்கொண்டு போயிருப்பான். அவன் அந்த ஒரு மில்லியை வாங்கிக்கொண்டான், அதில் புள்ளி இல்லை என்ற ஒரே காரணத்துக்காக. இப்படித்தான் பயந்தவர்கள் பொருள் வாங்குவார்கள். "திரும்பி வந்தா மாத்தித் தர மாட்டேன்" என்று கமலவேணி பின்னாலிருந்து சொன்னாள். அவன் சாலையைக் கடந்தான். கடக்கும்போது ஒரு ஆட்டோக்காரன் திட்டியது காதில் விழுந்தது, வார்த்தை விழவில்லை.

உள்ளே இருபத்தொன்பது நடந்துகொண்டிருந்தது. ஜெசிந்தா அதே பெஞ்சில், அதே மாதிரி, மடியில் புது எக்ஸ்ரே கவரை நிமிர்த்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். வாங்கிட்டீங்களா என்றாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். இன்னும் இரண்டு பேர், அதற்குள் சொல்ல வேண்டும், இல்லையென்றால் தேதி சொல்லிவிடுவார்கள், தேதி சொன்ன பிறகு சொன்னால் அது வேறு, அதற்குப் பெயர் வேறு. பர்ஸைத் திறந்து மாதா படத்துக்குப் பின்னாலிருந்து அந்தத் துண்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். "மழையில நனையல ஜெசி. நான்தான் வெட்டினேன். நாலு பிளக்ட்ரம். இது ஒண்ணுதான் மிச்சம். மத்த படத்த ஒர்க்ஷாப் உலையில போட்டுட்டேன்." மூன்று வாரமாகச் சுமந்தது நாலைந்து வாக்கியத்தில் முடிந்துபோயிற்று. அவள் அவனைப் பார்க்கவில்லை. துண்டைப் புரட்டினாள், முனையை விரலால் தடவினாள். "எந்த இடத்துல வெட்டினீங்க?" என்று கேட்டாள். "நெஞ்சுல. கறுப்பா இருந்துச்சு." அவள் துண்டை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள். பிறகு ரொம்ப மெதுவாக, பக்கத்துக் கிழவருக்குக் கேட்காதபடி, "இது நான் இல்லீங்க. பிலோ" என்றாள். அவனுக்குப் புரியவில்லை. பைத்தியம் பிடித்துவிட்டதா இவளுக்கு என்று ஒரு கணம் தோன்றியது. அவள் துண்டை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னாள். "எனக்குப் பதினெட்டு வயசுல ஒருதடவ விடாம இருமல் வந்து பெரியாஸ்பத்திரியில படம் எடுத்தாங்க. நெஞ்சுல ஒரு புள்ளி இருக்கு, ஆறின புண்ணுதான், ஒண்ணும் பண்ணாதுன்னாங்க. ஆனா வேலைக்குப் படம் எடுக்கச் சொன்னப்ப பயமாப் போச்சு. அந்த வருஷம் ரெண்டு பேர நெஞ்சு சரியில்லன்னு தள்ளிவிட்டிருந்தாங்க. பிலோதான் சொன்னா, உன் பேர்ல நான் போயி நிக்கிறேன்க்கா, அவன் மூஞ்சியவா பாக்கப் போறான்னு. போயி நின்னா. சிரிச்சுக்கிட்டே வந்தா." அவள் துண்டை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். "அவளுக்கு நல்ல போட்டோ ஒண்ணுகூட இல்ல. நம்ம கல்யாணப் படத்துலயும் கண்ண மூடிட்டா. அவ இருந்ததுக்கு அந்தப் படம்தாங்க இருந்துச்சு."

இன்னாசியின் மண்டைக்குள் சமையலறை அழுகை, பட்டுப்புடவை, மல் துணி, மேசைக்கடியில் மிதித்த கால், எல்லாம் ஒரே நேரத்தில் இடம் மாறி உட்கார்ந்தன. செத்துப்போன ஒரு பெண்ணின் மூச்சு இருந்த இடத்தை வைத்து அவன் நாலு வருஷமாகக் கல்யாண வீடுகளில் வாசித்திருக்கிறான். சொறிஞ்சு குடுக்கிறீங்களா அத்தான் என்று கேட்டவளுடையது. அவனுக்கு எழுந்து ஓட வேண்டும்போல இருந்தது, மணப்பாறைக்கு ஓடி மேடைப் பலகையைப் பெயர்க்க வேண்டும்போல, லால்குடிக்குப் போய் வீடு வீடாகக் கேட்க வேண்டும்போல. அதோடு வேறொன்றும் வந்தது, வெட்கங்கெட்ட சந்தோஷம். அப்படியானால் புள்ளி பழசு. அப்போதே இருந்த புள்ளி. தொட வேண்டாம் என்றுதானே டாக்டர் சொன்னார். "அப்ப பழசுதானே ஜெசி, உள்ள போனதும் சொல்லிடுவோம்" என்றான். "சொல்லக்கூடாது" என்றாள் அவள். "இங்க வந்துபோற மெடிக்கல் லீவுக்கு இந்த டாக்டர் எழுதற பேப்பர் அப்படியே ஆபீசுக்குப் போகும். அன்னைக்கு நெஞ்சு சுத்தம்னு சர்டிபிகேட் குடுத்தியே, இது எங்கேருந்து வந்துச்சும்பாங்க. வேலை போறது இருக்கட்டும். செத்தவ பேர இழுப்பாங்க." "அதுக்காக நெஞ்சத் தொறந்துக்குவியா?" "தொறந்தா மூடிடுவாங்கல்ல" என்றாள். சொன்னது தனக்கே கேட்டதுபோல உடனே வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். நீ ஏன் என்கிட்டகூடச் சொல்லல என்று அவன் கேட்டான். "சொல்லியிருந்தாக் கட்டியிருப்பீங்களா?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். கட்டியிருப்பேன் என்று சொல்ல அவன் வாயைத் திறந்தான். அவன் அம்மா, அவன் அண்ணன்கள், இருமுகிற வீட்டிலா பெண் எடுக்கிறீர்கள் என்று கேட்டிருக்கக்கூடிய அத்தனை பேரும் வரிசையாகக் கண்ணில் வந்து நின்றார்கள். 

"முப்பத்தொண்ணு! ஜெசிந்தா!" என்று நர்ஸம்மா கூப்பிட்டாள். ஜெசிந்தா துண்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு எழுந்தாள். "உள்ள நீங்க எதுவும் பேசாதீங்க, எனக்காக" என்றாள். அவன் தலையாட்டினான். பேசாமல் இருப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது, அதை அவளைவிட நன்றாக அறிந்தவர் யார். டாக்டர் பழைய சீட்டைப் பார்த்துக்கொண்டே, "சரி, தேதி முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கேட்டார். "நீங்க சொல்ற தேதி டாக்டர்" என்றாள் ஜெசிந்தா. அவர் டைரியைப் புரட்டினார். வியாழக்கிழமை எடுத்துக்கலாமா என்றார், பேனா மூடியைத் திறந்தார். பேனா தாளில் பட்ட கணத்தில் இன்னாசி பேசினான். தன் குரல் அவ்வளவு பெரிசாக வரும் என்று அவனுக்கே தெரியாது. வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தார்கள். "தேதி வேண்டாம் டாக்டர். இவளுக்குப் பதினெட்டு வயசுலயே நெஞ்சுல புள்ளி இருந்துச்சு. பெரியாஸ்பத்திரியில சொல்லியிருக்காங்க. வேலைக்காக மறைச்சிட்டோம்." மறைத்தபோது அவளை அவன் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. இருந்தாலும் மறைச்சிட்டோம் என்றுதான் வாயில் வந்தது. ஜெசிந்தா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, கோபமில்லாமல், கொஞ்சம் ஆவலோடுகூட, "இது முன்னாடியே சொல்ல வேண்டாமாம்மா? எந்தப் பக்கம்னு சொன்னாங்க?" என்று கேட்டார். ஜெசிந்தா கையைத் தூக்கினாள். கை இப்போது புள்ளி தெரிகிற வலது பக்கம் போயிற்று. அங்கே நின்றது. பிறகு தயங்கித் தயங்கி இடது பக்கம் போயிற்று. எந்தப் பக்கம்னு கேக்காம அழுதுகிட்டே வெளிய வந்துட்டேன் டாக்டர், எனக்குப் பதினெட்டு வயசு என்று முணுமுணுத்தாள். கை மறுபடி வலது பக்கம் வந்தது. பிறகு அவள் டாக்டரைப் பார்க்காமல், தெரிந்தால் அவனுக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும் என்பதுபோல, இன்னாசியைத் திரும்பிப் பார்த்தாள்.